மானியத்தின் இரண்டாம் தவணை ஏன் தாமதமாகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுநகரத்தில் தொடங்கிய ஸ்டார்ட்அப் ஒன்றுக்கு அரசு மானியம் கிடைத்தால், காசோலை வாங்கும் படத்தோடு நாளிதழ்களில் செய்தி வருகிறது. வரவேற்க வேண்டிய செய்திதான். வங்கியிடமும் முதலீட்டாளரிடமும் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லாத கட்டத்தில், மனதில் இருக்கும் யோசனையைக் கையில் எடுத்துப் பார்க்கும் பொருளாக மாற்ற மானியத்தை விட்டால் வேறு பணம் கிடையாது. ஆனால், அந்தப் படத்தில் இருக்கும் தொகை ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. தவணை தவணையாகத்தான் வரும். முதல் தவணையில் வேலை பாதி முடிந்திருக்கும். இரண்டாம் தவணைக்குக் காத்திருந்தே மாதங்கள் ஓடும். அதற்குள் பொறியாளர்கள் வேறு வேலை தேடிக்கொள்வார்கள். பொருள் மேசை மேல் பாதியில் கிடக்கும். இப்படி நின்றுபோன முயற்சிகளில் பல, விண்ணப்பம் எழுதும்போதே செய்த பிழைகளால் நின்றவை. அந்தப் பிழைகள் தவிர்க்கக்கூடியவை என்பதால் இதை எழுதுகிறோம்.

எது மானியம், எது கடன், எது பங்கு முதலீடு என்பதிலேயே முதல் குழப்பம் தொடங்குகிறது. 2021 ஏப்ரலில் 945 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். யோசனையைச் சோதித்துப் பார்க்கவும், முன்மாதிரி செய்யவும், களத்தில் பரிசோதிக்கவும் 20 லட்சம் ரூபாய் வரை மானியம். அதே திட்டத்தில் சந்தைக்குப் போவதற்கு 50 லட்சம் வரை கிடைக்கும். ஆனால் அது கடன், அல்லது பங்காக மாற்றத்தக்க கடன் பத்திரம். இரண்டையும் கூட்டி '70 லட்சம் மானியம்' என்று சொல்லித் திரிவோர் இருக்கிறார்கள். அதை நம்பித் திட்டம் போட்டவர்கள் பிறகு தவிக்கிறார்கள். தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் திட்டத்தில் 10 லட்சம் கிடைக்கும்; பெண்கள் தலைமையேற்கும் நிறுவனம், பசுமைத் தொழில்நுட்பம், ஊரக வாழ்வாதாரம் போன்ற பிரிவுகளுக்கு 15 லட்சம். அதற்கு ஈடாக நிறுவனத்தில் 3 சதவீதப் பங்கு தர வேண்டும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் கையெழுத்துப் போடும் நாளில்தான் அது தெரியவருகிறது என்றால், படிக்க வேண்டியதைப் படிக்கவில்லை என்று பொருள்.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி பிரயாஸ் திட்டம் முன்மாதிரிக்கு மட்டும் 10 லட்சம் வரை, அதிகபட்சம் 18 மாதங்களுக்குத் தருகிறது. நிறுவனம் பதிவு செய்யாத தனிநபரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். உயிரித் தொழில்நுட்பம் என்றால், அந்தத் துறைக்கான மத்திய அரசு நிறுவனமான பைராக் அமைப்பின் 'பிக்' மானியம், 18 மாதங்களில் 50 லட்சம் வரை. தமிழகத்தின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் தரும் புத்தாக்க வவுச்சர் இரண்டு வகை: 2 லட்சம் வரை ஒன்று, 5 லட்சம் வரை ஒன்று. பாதுகாப்புத் துறையின் புத்தாக்கத் திட்டமான ஐடெக்ஸின் வழக்கமான சவால்களில் ஒன்றரைக் கோடி வரை உண்டு; ஆனால் நம் பங்காகவும் பணம் போட வேண்டும். அதைச் செய்ய முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

இவற்றை எந்த வரிசையில் எடுப்பது? இதை யாரும் சொல்லித் தருவதில்லை. விதை நிதித் திட்டத்தின் நெறிமுறையில் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. விண்ணப்பிக்கும் நாளில் நிறுவனம் பதிவாகி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வேறு எந்த மத்திய, மாநிலத் திட்டத்திலும் 10 லட்சத்துக்கு மேல் பண உதவி பெற்றிருக்கக் கூடாது. போட்டிப் பரிசு, சலுகை வாடகை இடம், நிறுவனருக்கான மாத உதவித்தொகை, ஆய்வக வசதி ஆகியவை இந்தக் கணக்கில் வராது; மற்றதெல்லாம் வரும். ஒரு நிறுவனம் முதலில் 10 லட்சம் வாங்குகிறது, பின்னாலேயே 2 லட்சத்துக்கு ஒரு வவுச்சரும் வாங்குகிறது என்றால் மொத்தம் 12 லட்சம். 20 லட்சத்துக்கான கதவு அங்கேயே அடைபட்டுவிடுகிறது. 15 லட்சம் பிரிவில் தேர்வாகும் நிறுவனம் அந்த ஒரே தொகையாலேயே வரம்பைத் தாண்டிவிடுகிறது. பெண் தொழில்முனைவோருக்கு என்று கூட்டித் தந்த 5 லட்சம், மத்திய அரசின் 20 லட்சத்துக்குத் தடையாக நிற்கிறது. மாநிலமும் மத்திய அரசும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது. தீரும்வரை, பெரிய மானியத்தை முதலில் பெற்றுவிட்டு மற்றதற்குப் போவதே கணக்குக்குச் சரி. விண்ணப்பிப்பதற்கு முன், அந்தந்தத் திட்டத்தின் அப்போதைய நெறிமுறையில் இந்த வரம்பு எவ்வளவு என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு ஆண்டு நிபந்தனைக்கும் இதே கவனம் தேவை. கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும்போதே உற்சாகத்தில் பிரைவேட் லிமிடெட் பதிவு செய்துவிடுகிறார்கள். அந்த நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. யோசனை உருவம் பெற ஒன்றரை ஆண்டு ஆகிறது. மீதி ஆறு மாதத்தில் விண்ணப்பம், நேர்காணல், திருத்தம் என்று அலைகிறார்கள். முன்மாதிரியின் முதல் வடிவத்தைத் தனிநபராகவே பிரயாஸில் செய்து முடித்துவிட்டு, அதன் பிறகு நிறுவனம் பதிவு செய்தால் முழு இரண்டு ஆண்டும் கையில் இருக்கும். பதிவு செய்யும்போது எல்எல்பி (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை), பிரைவேட் லிமிடெட், பதிவு பெற்ற கூட்டாண்மை என ஏதாவது ஒன்றாக இருக்க வேண்டும். சிறு தொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழ் மட்டும் வைத்திருக்கும் தனிநபர் உரிமை நிறுவனத்துக்கு, மத்திய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறையான டிபிஐஐடி தரும் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் கிடைக்காது. அந்த அங்கீகாரம் இல்லாமல் விதை நிதிக்கு விண்ணப்பிக்கவே முடியாது. பட்டறை வைத்து நன்றாகத் தொழில் செய்துவரும் பலர், புதிய பொருள் கண்டுபிடித்தும் இந்த இடத்தில்தான் வெளியே நிற்கிறார்கள்.

இனி, தவணை எங்கே சிக்குகிறது என்பதற்கு வருவோம். மானியம் மைல்ஸ்டோன், அதாவது முடித்துக் காட்ட வேண்டிய வேலைக் கட்டங்களின் அடிப்படையில் பிரித்துத் தரப்படுகிறது. முதல் மைல்ஸ்டோன் முடிந்ததற்கான அறிக்கையும் பயன்பாட்டுச் சான்றிதழும், அதாவது எல்லோரும் 'யூசி' என்று சொல்லும் தாளும், போனால்தான் அடுத்த தவணை. அந்த மைல்ஸ்டோன்களை எழுதுவது விண்ணப்பதாரர்தான். அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டாரைத் தானாக நிறுத்தி, விவசாயியின் செல்போனுக்குத் தகவல் அனுப்பும் கருவி. தண்ணீர் இல்லாதபோது மோட்டாரின் சுமை குறைந்து மின்னோட்டம் இறங்கும்; அதை அளந்து நிறுத்துவதுதான் வேலை. மானியம் 10 லட்சம். 4, 4, 2 என்று மூன்று தவணை என வைத்துக்கொள்வோம். விண்ணப்பத்தில், 'முதல் மைல்ஸ்டோன்: 25 தோட்டங்களில் பொருத்தி, நான்கு மாதம் ஓட்டி, 90 சதவீத விவசாயிகள் திருப்தி' என்று எழுதுகிறார்கள். தேர்வுக் குழுவுக்குக் கேட்க நன்றாக இருக்கும். நடக்குமா?

பணக் கணக்கைப் போடுங்கள். இரண்டு பொறியாளர்களுக்கு மாதம் 30,000 வீதம் நான்கு மாதச் சம்பளம் 2.40 லட்சம். சர்க்யூட் போர்டு, சென்சார், சிம் மாட்யூல், ரிலே எல்லாம் சேர்த்து 80,000. பிளாஸ்டிக் பெட்டிக்கு டை, அதாவது உலோக அச்சு, அடிக்க 2 லட்சம். டை செய்யும் பட்டறையான டூல் ரூமில் பாதி அட்வான்ஸ் கேட்பார்கள், 1 லட்சம். கூட்டினால் 4.20 லட்சம். கையில் இருப்பது 4 லட்சம். நான்காம் மாதச் சம்பளத்துக்கே 20,000 துண்டு விழுகிறது. டையின் மீதிப் பாதியைக் கட்ட வழியில்லாததால் அது டூல் ரூம் அலமாரியிலேயே இருக்கும். பெட்டி இல்லாமல் 25 தோட்டத்தில் கருவியைப் பொருத்த முடியாது. பொருத்தாமல் அறிக்கை இல்லை. அறிக்கை இல்லாமல் இரண்டாம் தவணை இல்லை.

போர்டும் முதல் முறையிலேயே சரியாக வராது. வெயில், ஈரம், பூச்சி எல்லாவற்றையும்விட மின்சாரம்தான் இந்தக் கருவிக்கு எமன். மும்முனை இணைப்பில் நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை ஒட்டி ஏறிவிடும். மிகை மின்னழுத்தத்திலிருந்து காக்க 230-க்குக் கணக்குப் போட்டு வைத்த வேரிஸ்டர் என்ற பாகம் கருகும். பின்னாலேயே பவர் சப்ளையும் போகும். ஆய்வக மேசையில் ஆறு மாதம் ஓடிய போர்டு தோட்டத்தில் ஆறு நாளில் போவது இதனால்தான். ஆகவே போர்டுக்கு மூன்று திருத்தம் என்று முதலிலேயே பட்ஜெட்டில் எழுத வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் வடிவமைப்பு, அச்சடிப்பு, உதிரிப் பாகம் வரவழைத்தல், பற்றவைத்தல் என்று மூன்று நான்கு வாரம் பிடிக்கும்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். ஆகஸ்டில் முதல் தவணை வந்து, அக்டோபரில் கருவி தயாரானால், வடகிழக்குப் பருவமழையில் மோட்டார் போட யாருக்கும் தேவை இருக்காது. தண்ணீர் வற்றாத காலத்தில் வற்றுவதைக் கண்டறியும் கருவியைச் சோதிக்க முடியாது. கோடை வரை காத்திருக்க வேண்டும். அதுவரை சம்பளம் ஓடும்.

இதே திட்டத்தை வேறு விதமாக எழுதலாம். முதல் மைல்ஸ்டோனை முழுக்க நம் கைக்குள் இருப்பதாக வைக்க வேண்டும்: 'ஆய்வகத்தில் மோட்டாரை இணைத்து, நீர் வற்றும் நிலையை உருவாக்கி 100 முறை சோதித்தல், 10 வினாடிக்குள் நிறுத்துதல், 440 வோல்ட்டில் போர்டு பழுதாகாமை.' மழை பெய்தாலும் இது நிற்காது. விவசாயியின் திருப்தி என்பது அளக்க முடியாதது. அதை மைல்ஸ்டோனில் எழுதவே கூடாது. களச் சோதனையை இரண்டாம் மைல்ஸ்டோனுக்குத் தள்ளி, 25 தோட்டத்தைப் பத்தாகக் குறைத்து, 'ஒவ்வொரு கருவியிலும் குறைந்தது 200 மணி நேர மோட்டார் ஓட்டம், சர்வரில் பதிவோடு' என்று எழுதினால் போதும். மதிப்பீட்டுக் குழு எண்ணிக்கை குறைந்ததைப் பெரிதுபடுத்தாது. நிரூபிக்கக்கூடியதாக இருக்கிறதா என்றுதான் பார்க்கும்.

டையை முதல் தவணையில் தொடவே கூடாது. பத்துக் கருவிக்குச் சந்தையில் கிடைக்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஜங்ஷன் பெட்டியை வாங்கித் துளையிட்டுக்கொள்ளலாம். உருவம் முக்கியம் என்றால் ஒரு பெட்டியை 3டி பிரிண்ட் எடுத்து, சிலிகோன் ரப்பர் அச்சில் வார்த்தால் ஓர் அச்சில் இருபது பெட்டி வரை எடுக்கலாம். மூன்றாம் திருத்தத்தில் போர்டின் அளவு மாறும். டை அடித்த பிறகு மாறினால் அந்த 2 லட்சம் இரும்பு விலைக்குத்தான் போகும்.

அடுத்தது தாள்கள். இதில் அலுப்புத் தட்டும். ஆனாலும் இரண்டாம் தவணைகளில் பெரும்பகுதி இங்கேதான் தேங்குகிறது. மானியத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு வேண்டும். விற்பனைப் பணமும் நிறுவனர் போட்ட பணமும் அதில் கலக்கக் கூடாது. ஒப்புதல் ஆணைத் தேதிக்கு முந்தைய பில் செல்லாது. அவசரத்துக்கு நிறுவனர் தன் சொந்தக் கார்டில் ஆன்லைனில் வாங்கிய உதிரிப் பாகத்தின் பில் அவர் பெயரில்தான் இருக்கும். ஆடிட்டர் அதை ஒதுக்கிவிடுவார். நிறுவனப் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் உள்ள பில் வேண்டும். ரொக்கமாகத் தருவதை அறவே விட்டுவிட வேண்டும். பெரிய கொள்முதலுக்கு மூன்று கொட்டேஷன் வாங்கி, ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தோம் என்று இரண்டு வரி எழுதி அன்றே கோப்பில் வைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து பின்தேதியிட்டுக் கொட்டேஷன் தேடுவது தவறு, பிடிபடவும் செய்யும். கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக, அதாவது நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்து, எடுத்துக்கொண்ட பிறகு, அதே வரியை யூசியிலும் செலவாகக் காட்டினால் இரட்டைக் கணக்கு என்று ஆட்சேபணை வரும்.

தலைப்பு மாற்றம் இன்னொரு கண்ணி. பட்ஜெட்டில் 'மூலப்பொருள்' தலைப்பில் மிஞ்சிய 60,000-ஐச் சம்பளத்துக்கு எடுத்துச் செலவழித்துவிட்டுப் பிறகு சொன்னால் ஏற்க மாட்டார்கள். முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் எழுதி ஒப்புதல் வாங்கினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். விதை நிதியில் கட்டடம், தொழிற்கூட வசதி உருவாக்குவதற்குச் செலவிட அனுமதி இல்லை. ஏசி, பர்னிச்சர் எல்லாம் அதனால் எழுதவே கூடாது. மத்திய அரசின் மானியப் பணத்துக்குச் சேரும் வட்டி, 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி அரசுக்கே திரும்பச் செலுத்தப்பட வேண்டும். அந்தச் சில நூறு ரூபாய் வட்டியைக் காட்டாமல் விட்டதற்காகவே யூசி திரும்பி வரும். ஆடிட்டர் கையெழுத்தோடு யுடிஐஎன் எண் (ஆடிட்டரின் ஒவ்வொரு சான்றுக்கும் உரிய தனி அடையாள எண்) இருக்கிறதா என்று அனுப்பும் முன் பார்க்க வேண்டும்.

வரியையும் மறக்கக் கூடாது. 2015-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் செய்த திருத்தத்துக்குப் பின், அரசு மானியம் வருமானமாகக் கருதப்படுகிறது. சொத்து வாங்கத் தந்த மானியம் என்றால் அந்தச் சொத்தின் விலையிலிருந்து கழித்துக்கொள்வார்கள். செலவு அதே ஆண்டில் வந்துவிட்டால் வரிச்சுமை பெரிதாக இருக்காது. தவணை மார்ச் கடைசியில் வந்து, செலவு ஏப்ரலுக்கு மேல் என்றால்தான் சிக்கல். பிப்ரவரியிலேயே ஆடிட்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

தரகர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'மானியம் வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் கொடு' என்று வருவோரிடம் எச்சரிக்கை தேவை. விதை நிதித் திட்டத்தில் தேர்வுக்கோ, பணம் விடுவிப்பதற்கோ, கண்காணிப்புக்கோ இன்குபேட்டர், அதாவது ஸ்டார்ட்அப்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்து நிதியை விடுவிக்கும் மையம், கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று நெறிமுறையே சொல்கிறது. ஒரே விண்ணப்பத்தில் மூன்று இன்குபேட்டர்களை விருப்ப வரிசையில் குறிப்பிடலாம். ஊர் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகத் தேர்ந்தெடுக்காமல், நம் பொருளைச் சோதிக்கத் தேவையான கருவி அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உணவு பதப்படுத்துதல் என்றால் தஞ்சாவூர் நிஃப்டெம், வேளாண்மை என்றால் கோவை வேளாண் பல்கலைக்கழகம், இயந்திரம் மின்னணு என்றால் கோவை பிஎஸ்ஜி ஸ்டெப், பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரி மையம் என்று துறைக்கேற்ற இடங்கள் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. நேரில் போய், 'கடைசியாக யாருக்கு இரண்டாம் தவணை தந்தீர்கள், அறிக்கை கொடுத்து எத்தனை நாளில்?' என்று கேளுங்கள். அங்கே பணம் பெற்ற நிறுவனங்களிடமும் அதையே கேளுங்கள்.

இன்குபேட்டர்களை நடத்துவோருக்கு எங்கள் வேண்டுகோள்: மைல்ஸ்டோன் அறிக்கை வந்த தேதி, ஆட்சேபணை எழுப்பிய தேதி, பணம் விடுவித்த தேதி ஆகிய மூன்றையும் ஒவ்வொரு தவணைக்கும் உங்கள் இணையதளத்தில் போடுங்கள். விதை நிதித் திட்டமே விண்ணப்பம் வந்த 60 நாளுக்குள் முதல் தவணை போக வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. அடுத்தடுத்த தவணைகளுக்கும் அதுபோல ஒரு நாள் கணக்கு வேண்டும். அறிக்கை முழுமையாக இருந்து 30 நாள் தாண்டினால், அடுத்த தவணையிலிருந்து ஒரு மாதச் சம்பள அளவையாவது முன்பணமாக விடுவிக்க ஏற்பாடு செய்தால், பொறியாளர்களை இழக்காமல் இருக்கலாம்.

ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். மானியச் செய்தி வெளியிடும்போது அது மானியமா, கடனா, பங்கா, எத்தனை தவணை என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். விண்ணப்பக் கடைசித் தேதிகளை முந்தைய நாள் போடுவதால் பயனில்லை. டிபிஐஐடி அங்கீகாரம், ஆடிட்டர் சான்று, கொட்டேஷன் எல்லாம் சேர்க்க ஒரு மாதமாவது வேண்டும். மாதத்தின் முதல் வாரத்தில், அடுத்த 60 நாள்களில் முடியவிருக்கும் திட்டங்களின் தேதிகளை ஒரு சிறு பெட்டிச் செய்தியாக மாவட்டப் பதிப்புகளில் வெளியிட முடிந்தால், அதை நிரப்பித் தர நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஸ்டார்ட்அப் மானிய மதிப்பீட்டிலும் கணக்குத் தணிக்கையிலும் பணிபுரியும் வாசகர்கள்,
கோயம்புத்தூர்.